பின்வாசல் அடுத்த தெருவில்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து விழவில்லை.
சர்வர் படுத்துவிட்டது, மூன்று மணிக்கு வாங்க
என்றாள் காரைக்குடி பத்திர ஆபீஸ் பெண்.
கொழுந்தனார் புரோட்டாக் கடைப் பக்கம் நடந்தார்.
நாங்கள் பள்ளத்தூர் வழி போகிற பஸ்ஸில் ஏறினோம்,
கானாடுகாத்தான் பார்க்க.

இரண்டு அறை, ஒரு கொல்லை, ஒரு முருங்கை.
ஏழு மாதமாக இதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.
முருங்கை யாருக்கு என்ற இடத்தில்
பஸ்ஸிலும் பேச்சு நின்றுபோனது.

இறங்கினால், நூல் பிடித்த தெரு.
இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர்,
நடுவே வெயிலுக்கு மட்டும் வழி.
மாடிக் கைப்பிடியில் சுதையில் ஒரு கஜலட்சுமி,
பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்.
ஒரே மைனா
இரண்டு தலையிலும் மாறி மாறி உட்கார்ந்தது.

ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
"நீ பாத்துட்டு வா, நான் நிக்கிறேன்" என்றார் வீரணன்.
பத்திரம் இருந்த பையும் என் போனும் அவரிடம்.
செருப்பை அவர் காலடியில் விட்டேன்.

காவலுக்கு இருந்த அடைக்கலம்
டிக்கெட்டைக் கிழித்தபடியே கணக்குச் சொன்னார்:
"இந்த வீட்டுக்கு நாப்பத்தி மூணு புள்ளிம்மா.
கல்யாணமான ஒரு சோடி, ஒரு புள்ளி.
புள்ளிக்கு ஒரு பூட்டு. அறைதான் பத்தலை.
விக்கணும்னா எல்லாரும் ஒண்ணா வரணும்.
கடைசியா ஒண்ணா வந்தது ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு."
சர்வர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
அவர் ஏனென்று கேட்கவில்லை.

தேக்குத் தூணைக் கட்டிப் பார்த்தேன், கை எட்டவில்லை.
ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி.
பெல்ஜியம் கண்ணாடியில்
என் பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது;
என் முந்தானைதான்.
வளவில் மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டா,
உள்ளே தண்ணீர் இல்லை, ஒரு கிரிக்கெட் பந்து.
சுற்றிலும் கதவுகள். ஒவ்வொன்றிலும் பூட்டு,
சில பூட்டின் மேல் இன்னொரு பூட்டு.
நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு,
கரி படிந்த அடுப்பங்கரை, ஆட்டுக்கல் வரிசை,
அப்புறம் ஒரு வாசல். தாண்டினேன்.
கூட்டிக்கொண்டிருந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள்:
"இது வெளிய போற வழிக்கா."

வேறு தெரு.
அதே சுவர், அதே வெயில், வீரணன் இல்லை.
ஒரு வீட்டைச் சுற்றி வர இவ்வளவு தூரமா!
தார் கொப்பளித்த ரோட்டில் வெறுங்காலோடு
சுவரின் நிழலைத் தேடித் தேடி,
அது ஒரு சாண்கூட இல்லை,
தத்தித் தத்தி முன்வாசல் சேர்ந்தால்
அவரும் இல்லை, செருப்பும் இல்லை.

"உங்களைக் காணோம்னு
இப்பத்தானே டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனாரு,
செருப்பையும் கையில எடுத்துக்கிட்டு" என்றார் அடைக்கலம்.
ஐம்பது ரூபாய்க்கு யோசித்த மனுஷன்.

முகப்பில் நின்று பார்த்தேன்.
நிலைக்குள் நிலை, நிலைக்குள் நிலை,
எல்லாம் ஒரே கோட்டில்,
கடைசி நிலைக்கு அப்பால் சதுரமாக வெயில்.
அதில் ஒரு புள்ளி.
ஒரு கையில் பை, ஒரு கையில் என் செருப்பு.
தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

கூப்பிட்டேன். பாதி வீட்டிலேயே குரல் தங்கிவிட்டது.

"அதே டிக்கெட்தான், போங்கம்மா."

அந்தத் துடைப்பக்காரி கதவைச் சாத்துவதற்குள்
போய்ச் சேர வேண்டும்.
கண்ணாடியில் வெறுங்காலோடு ஒருத்தி ஓடுகிறாள்,
நின்று பார்க்க நேரமில்லை.